ஆழம் அறிந்து காலை விடுவோம்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் வாழ்ந்தவர்கள் அனுபவித்துச் சொன்ன சொல் அது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, அன்புத் தோழியரே? காலையே விடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. ஆழத்தைத் தெரிந்துகொண்டு விடு என்றுதான் சொன்னார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாங்கள் இந்த ஆண்டுதான் நன்கு விளங்கிக்கொண்டோம். விளங்க வைத்தது ஒரு கடல் விளையாட்டு! கடலே இல்லாத சேலத்தில் இருந்துகொண்டு கடல் விளையாட்டைப் பற்றி எழுதுகிறார்களே என்று நகைக்க வேண்டாம். பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமரும் மூன்று தோழியர். ஒருத்தியின் வீடு மேட்டூர் அணைக்கு அருகில். ஒருத்தி இராசிபுரம் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மற்றொருத்தி நாமக்கல்லைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பா இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். இந்த மூவரில் நீந்தத் தெரிந்தவள் இராசிபுரத்தாள் ஒருத்தியே.

மேட்டூர் அணையைக் கட்டத் தொடங்கியது 1925-ல். முடித்தது 1934-ல். அணையில் நீர் தேங்கியபோது பல ஊர்கள் மூழ்கின. பண்ணவாடிப் பகுதியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் இரட்டைக் கோபுரம் கொண்ட ஒரு கிறிஸ்தவ ஆலயமும் நீருக்குள் போயின. கோடையில் நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது ஆலயத்தின் கோபுரமும் கோயிலின் நந்தியும் தலைகாட்டும். பார்க்க மக்கள் திரண்டு வருவார்கள். "நீர் நிறைந்திருக்கும்போதே உள்ளே போய் அந்த ஆலயத்தைப் பார்க்க முடியாதா, சிஸ்டர்?" என்று மேட்டூர்த் தோழி வகுப்பில் கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. நீருக்குள் போக யாருக்குத் தகுதி உண்டு? அந்தத் தகுதியை யார் கொடுக்கிறார்கள்? அரசாங்கம் என்ன சொல்கிறது? மூவரும் தேடிப் படித்து, சமூக அறிவியல் மன்றத்தில் வந்து சொல்லுங்கள்" என்றார். கேள்வி கேட்டவள் ஒருத்தி. வேலை வந்ததோ மூவருக்கும்!

முதலில் கருவியைப் பற்றிச் சொல்கிறோம். காற்றை அடைத்த சிலிண்டரை முதுகில் சுமந்துகொண்டு நீருக்கடியில் மூச்சுவிடும் முறைக்கு 'ஸ்கூபா' என்று பெயர். 1943-ல் பிரான்ஸ் நாட்டுக் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும், எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து இன்றைய ஸ்கூபாவுக்கு அடிப்படையான கருவியை உருவாக்கினார்கள். அதுவரை கனத்த தலைக்கவசமும் மேலிருந்து காற்றை அனுப்பும் குழாயும் இல்லாமல் நெடுநேரம் நீரடியில் தங்குவது அரிது. புதிய கருவி வந்தபின் பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர்கள் பெருகினார்கள். விபத்துகளும் உடன் வந்தன.

இங்கேதான் எங்களுக்கு முதல் வியப்பு. முக்குளிப்பவர்களுக்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது பெரும்பாலும் அரசாங்கங்கள் அல்ல. முக்குளிப்பவர்களே கூடி அமைத்த சங்கங்கள்தாம். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் 1953-ல் தோன்றியது. 1959-ல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஓர் உலகக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. அதன் முதல் தலைவர் கூஸ்தோ. அமெரிக்காவில் 1966-ல் 'பாடி' என்ற அமைப்பு பிறந்தது. இன்று உலகெங்கும் பலர் பையில் வைத்திருக்கும் முக்குளிப்பு அட்டை இத்தகைய அமைப்புகள் கொடுப்பதுதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஓட்டுநர் உரிமம் கொடுப்பதுபோல் எந்த அரசு அலுவலகமும் கொடுத்ததன்று.

அந்த அட்டை சும்மா கிடைத்துவிடுமா? கிடைக்காது. பாடி அமைப்பின் விதிப்படி பத்து வயது நிரம்பியவர் இளையோருக்கான முதல் நிலைப் பயிற்சியில் சேரலாம். பதினைந்து வயதானால் பெரியவர்களுக்குரிய அட்டையே கிடைக்கும். எங்கள் மூவருக்கும் பதினைந்து வயது என்பதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான பூரிப்பைச் சொல்லவும் வேண்டுமோ! ஆனால் அடுத்த வரியிலேயே பூரிப்பு அடங்கியது. 200 மீட்டர் நீந்த வேண்டும். எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். பாடங்கள் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஆழமில்லாத நீரில் பழக வேண்டும். பின்னர்த் திறந்த நீரில் ஆசிரியருடன் நான்கு முறை முக்குளிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்த அட்டை அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டர்தான், அதாவது சுமார் 60 அடி. பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு எல்லையாகக் கொள்ளப்படுவது 40 மீட்டர். அதற்கு மேலும் பயிற்சிகள் உண்டு. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. ஆக, புதிதாக அட்டை வாங்கியவர் அணை நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ பாதி ஆழத்தோடு திரும்ப வேண்டியதுதான்!

"நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு எதற்கு இத்தனை பாடம்?" என்று இராசிபுரத்தாள் கேட்டாள். கிணற்று மேட்டிலிருந்து குதித்து, அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வருபவள் அவள். அதற்கு விடை எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே இருந்தது. பாயில் விதியைப் படித்திருக்கிறோம் அல்லவா? வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் கனஅளவு குறையும். அழுத்தம் குறைந்தால் கனஅளவு கூடும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து ஒருவர் நுரையீரல் நிறையக் காற்றை இழுக்கிறார். மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வருகிறார். மேற்பரப்பை அடையும்போது அழுத்தம் பாதியாகிவிடுவதால் உள்ளே உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் என்ன ஆகும்? கிழிந்துபோகும். ஆகவே ஸ்கூபாவின் முதல் கட்டளை, "மூச்சை ஒருபோதும் அடக்காதே" என்பது.

கிணற்றில் முங்குகிறவர் மேலே இழுத்த காற்றோடு உள்ளே போய் அதே காற்றோடு திரும்புகிறார். அவருக்கு மூச்சடக்குவதுதான் திறமை. சிலிண்டர் கட்டியவருக்கோ அதே திறமை எமனாகிவிடும். நன்றாக நீந்துகிறவர் பயிற்சியில்லாமல் சிலிண்டரைக் கட்டினால், பழக்கமே அவரைக் கெடுக்கக்கூடும். இதைப் படித்தபின் இராசிபுரத்தாள் வாய் திறக்கவில்லை.

இன்னொன்று, கோலி சோடா. அடைத்திருக்கும் வரை சோடா அமைதியாக இருக்கிறது. கோலியை அழுத்தியதும் நுரைத்துப் பொங்குகிறது. ஆழத்தில் மூச்சுவிடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் நம் இரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் சோடாவைப் போலக் குமிழி விட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்குகிறது. இதை ஆராய்ந்து, நின்று நிதானித்து மேலேறும் அட்டவணையை 1908-ல் வெளியிட்டவர் ஹால்டேன் என்ற அறிஞர். முக்குளித்தவர் 12 முதல் 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது என்ற விதிக்கும் இதுவே காரணம். உயரமான மலைக்கும் இது பொருந்தும். காலையில் இராமேசுவரத்தில் முக்குளித்துவிட்டு அன்று மாலையே கொடைக்கானலுக்கு வண்டி ஏறுவது ஆபத்து. நம் ஏற்காடும் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இதுவரை எல்லாம் புத்தகப் படிப்பாகவே இருந்தது. அப்போதுதான் நாமக்கல் தோழியின் வீட்டில் ஒன்று நடந்தது. கல்லூரியில் படிக்கும் அவளுடைய அண்ணன், நண்பர்களோடு ஒரு கடற்கரை ஊருக்குச் சுற்றுலா போனார். அட்டை இல்லாதவர்களும் ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆழம் போய் வரும் அறிமுக முக்குளிப்பு என்று ஒன்று உண்டு. அதற்குப் பணம் கட்டினார்கள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, "கையெழுத்துப் போடுங்கள்" என்றார்களாம். போட்டார்கள். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எவரும் படிக்கவில்லை. எவரும் படித்துச் சொல்லவும் இல்லை. அண்ணனுக்கு அன்று கடுமையான சளி.

நீருக்குள் இறங்கும்போது செவிப்பறையை நீர் உள்நோக்கி அழுத்தும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குப் போகும் குழல் வழியாகக் காற்று சென்று அதைச் சரிசெய்யும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழல் அடைத்துக்கொள்ளும். அண்ணனுக்குச் செவிப்பறை கிழிந்தது. காதிலிருந்து இரத்தம் வந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆயினும் மூன்று மாதம் மருத்துவமனைக்கு அலைந்தார். இன்னும் இடப்பக்கம் நின்று பேசினால் தலையைத் திருப்பித்தான் கேட்கிறார். பிறகு அந்தத் தாளின் நகலை வாங்கிப் பார்த்தோம். உடல்நிலை பற்றிய வரிசையில், சளியோ காதுக் கோளாறோ உண்டா என்ற கேள்வி அச்சாகியே இருந்தது! கேள்வி இருந்தது, கேட்க ஒருவர் இல்லை. சான்றிதழின் பயன் அட்டையில் இல்லை, அந்த அட்டையின் பொருட்டு ஒருவர் நம் முகத்தைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது என்று நாங்கள் அன்று உணர்ந்தோம்.

அப்படிக் கேட்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? சில நாடுகளில் இருக்கிறது. இஸ்ரேல் 1979-லேயே பொழுதுபோக்கு முக்குளிப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. நம் அண்டைநாடான மாலத்தீவு 2003-ல் விதிகள் வகுத்து, 30 மீட்டருக்குக் கீழே யாரும் போகக் கூடாது என்றது. ஆஸ்திரேலியாவின் கதை எங்களைக் கலங்க வைத்தது. 1998 ஜனவரியில் குவீன்ஸ்லாந்தின் பவளத்திட்டுக்கு ஒரு படகு சென்றது. மாலையில் தலைகளைச் சரியாக எண்ணாமல் திரும்பிவிட்டது. ஓர் அமெரிக்கத் தம்பதி கடலிலேயே விடப்பட்டனர். படகில் கிடந்த அவர்களுடைய பையைக் கண்டு, இரண்டு நாட்கள் கழித்தே விஷயம் தெரிந்தது. அவர்கள் திரும்பவேயில்லை. அதன்பின் அங்கே விதிகள் இறுகின. 2011-ல் நீர் விளையாட்டுகளின் பாதுகாப்புக்கென்றே ஒரு சட்டமும் வந்தது. உல்லாசப் பயணத்தின்போது பேருந்தில் ஏறுமுன் சிஸ்டர் எங்களை மூன்று முறை எண்ணுவார். "ஆட்டுக்குட்டிகளா நாம்?" என்று பின்சீட்டில் சிரிப்பு எழும். இந்தக் கதையைப் படித்தபின் எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். அந்தமான், லட்சத்தீவு, கோவா, புதுச்சேரி என்று பல இடங்களில் முக்குளிக்கிறார்கள். ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு இல்லை. 2018-ல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் துணையோடு சாகசச் சுற்றுலா நெறிமுறைகள் வெளியாயின. அவற்றில் ஸ்கூபாவுக்கும் இடம் உண்டு. நெறிமுறை வேறு, சட்டம் வேறு. நெறிமுறை நல்லவருக்கு வழி சொல்லும், அலட்சியக்காரரைத் தடுக்காது. வேடிக்கை என்னவென்றால், அழுத்தக் காற்றை அடைக்கும் சிலிண்டர்களுக்கு 2016-ஆம் ஆண்டின் வாயு சிலிண்டர் விதிகள் இருக்கின்றன. குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. சிலிண்டருக்குச் சட்டம் உண்டு, அதைச் சுமக்கும் மனிதருக்கு இல்லை!

சட்டம் என்றதும் அதன் மறுபக்கத்தையும் எண்ணினோம். நம் தமிழ்க் கடலில் முக்குளிப்பது புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரசாங்கமே சிப்பிப் படுகைகளைச் சோதித்து, நாள் குறித்து அறிவிக்கும். இன்றும் மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முங்குகிறார்கள். அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி 2015-ல் சீகாலஜி என்ற உலக விருதைப் பெற்றார். அந்தப் பெண்களிடம் போய் அட்டை கேட்பது நியாயமா? 1986-ல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபின் தீவுகளை நெருங்கும் கட்டுப்பாடுகளால் அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. எனவே சட்டம் இயற்றுவோர், பிழைப்புக்காக முங்குகிறவரையும் பணம் கட்டி வேடிக்கை பார்க்க வருகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவருக்குக் கடல் தெரியாது. அவரை அழைத்துப் போகிறவருக்குத்தான் விதி வேண்டும்.

நாமக்கல் வீட்டுக்குத் திரும்புகிறோம். அண்ணனின் காது போனதும் அப்பா ஒரு சட்டம் போட்டார். "இனிமேல் இந்த வீட்டுல ஒருத்தரும் தண்ணிப் பக்கமே போகக் கூடாது." நீச்சல் வகுப்பில் சேர அவள் கேட்டிருந்த அனுமதியும் அதோடு போயிற்று. அண்ணனுக்கு நீச்சல் தெரியும், கிணற்றில் கற்றுக்கொண்டவர். பெண் என்பதால் இவளை எவரும் கிணற்றில் இறக்கியதே இல்லை. காயம் பட்டவர் அண்ணன், தடை விழுந்தது தங்கைக்கு. எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

2023 பிப்ரவரியில் மோகனூரைத் தாண்டிக் காவிரி கிழக்கே போகும் வழியில், மாயனூரில் நிகழ்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கால்பந்துப் போட்டிக்கு வந்த பள்ளி மாணவிகளில் நால்வர் ஆற்றில் மூழ்கி இறந்தனர். எங்களைவிட இளையவர்கள். தண்ணீர்ப் பக்கமே போகாதே என்பதால் ஒரு பெண்ணுக்குத் தண்ணீர் வராமல் இருந்துவிடுகிறதா? ஆறு வழியில் இருக்கிறது, கிணறு தோட்டத்தில் இருக்கிறது. தெரியாதவளாகவே அவள் அதன் முன் போய் நிற்கிறாள்.

இராசிபுரத்தாளின் அம்மாயி வேறு விதமாகச் சட்டம் போட்டவர். காய்ந்த சுரைப்புருடையைப் பேத்தியின் முதுகில் கட்டி, "புருடை கட்டாம எறங்குனீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன், கண்ணு. தனியாவும் எறங்கக் கூடாது" என்று சொல்லி, மேட்டில் அமர்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாராம். மிதக்க ஒன்று, துணைக்கு ஒருவர், பார்த்துக்கொள்ள ஒருவர். யோசித்துப் பாருங்கள். உலக அமைப்புகள் ஏட்டில் எழுதி வைத்திருப்பதும் இதுதான்! ஆனால் அம்மாயியின் சட்டம் அவர் பேத்தியை மட்டும் காக்கும். அம்மாயி இல்லாத பிள்ளைக்கும், ஊர் புதிதான பிள்ளைக்கும் யார் புருடை கட்டுவார்கள்? அரசின் சட்டம்தான் கட்ட வேண்டும்.

மன்றத்தில் பேசிய அன்று மாலை, நாமக்கல் தோழி தன் அப்பாவிடம் துணிந்து பேசினாள். "ஏனுங்கப்பா, லைசென்ஸ் இல்லாத டிரைவர்கிட்ட நம்ம லாரியைக் குடுப்பீங்களா?"

"அதெப்படிக் கண்ணு குடுப்பேன்?"

"ஒரு வண்டி கவுந்துருச்சுன்னு லாரித் தொழிலையே விட்டுட்டீங்களா?"

அப்பா சற்று நேரம் பேசவில்லையாம். லாரிக்குத் தகுதிச் சான்று, ஓட்டுநருக்கு உரிமம் என்று நாள்தோறும் தாள்களோடு வாழ்கிறவர் அவர். பிறகு சொன்னாராம்: "மொதல்ல நீச்சல் கத்துக்கோ. நானும் கூட வந்து உட்கார்ந்துக்கறேன். கடலைப் பத்தி அப்பறம் பேசலாம்." இப்போது ஞாயிறுதோறும் அவள் நீச்சல் குளத்துக்குப் போகிறாள். இதுவரை 40 மீட்டர் வரை வந்திருக்கிறாள். இன்னும் 160 மீட்டர் இருக்கிறது.

தடை என்பது "போகாதே" என்கிறது. விதி என்பது "இப்படிப் போ" என்கிறது. தடை போடுவது எளிது. அதற்கு ஒரு சொல் போதும். விதி வகுக்க ஆழத்தை அளக்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், தலையை எண்ண வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அன்புள்ள பெற்றோரே, எங்களுக்குத் தடையைவிட விதியையே தாருங்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம். தோழியரே, எந்த ஊர்க் கடற்கரையில் எவர் சிலிண்டரை நீட்டினாலும், கையெழுத்திடுமுன் தாளைப் படியுங்கள். புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஆசிரியரின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உடம்புக்கு ஆகவில்லையென்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திரும்பும்போது எண்ணுவது யார் என்று கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னதாக நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஆழம் அறிவோம், அறிந்து காலை விடுவோம்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு